டாக்டருக்கும் ஊசிக்காரருக்கும் நடுவில் ஒருவர் வேண்டுமா?

வாசகர் கேள்வி, 11 ஜனவரி 2025

"அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் போன நவம்பரில் ஓட்டெடுப்பு நடத்தி, கால்நடை டாக்டருக்கு ஒரு படி கீழே புதுப் பதவி ஒன்றைச் சட்டமாக்கிவிட்டார்கள். அவர் நோய் என்னவென்று சொல்லலாம், வைத்தியம் பார்க்கலாம், ஆபரேஷன்கூடச் செய்யலாம். நம்ம ஊரில் ராத்திரி மாடு விழுந்தால் டாக்டர் வருவதற்குள் விடிந்துவிடுகிறது. இங்கேயும் அப்படி ஒருவரைக் கொண்டுவந்தால் என்ன? டாக்டர்கள் ஏன் இதைச் சொன்னாலே கோபப்படுகிறீர்கள்?"

12 ஜனவரி 2025

கோபம் இல்லை. எனக்கு இதில் பாதி சம்மதம், பாதி மறுப்பு. நான் நாமக்கல் பக்கம் கறவை மாடும் ஆடும் பார்க்கிறவள். முதலில் அரசு மருந்தகத்தில் இருந்தேன், இப்போது சொந்தமாக.

முதலில் கொலராடோ. 2024 நவம்பர் 5 தேர்தலோடு சேர்த்து 129ஆம் எண் முன்மொழிவு என்று இது மக்கள் ஓட்டுக்கு வந்தது. ஜெயித்தது, ஆனால் பாதியைச் சற்றே தாண்டித்தான். நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 2026 ஜனவரி 1. இதற்கென ஒரு முதுநிலைப் படிப்பு முடித்தவர், ஒரு கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்வார். ஆதரித்தவர்களில் முக்கியமானவர்கள் கைவிடப்பட்ட நாய் பூனைகளுக்குக் காப்பகம் நடத்துகிறவர்கள். கருத்தடை ஆபரேஷனுக்கே அவர்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. எதிர்த்தது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம். தொழில் போட்டிக்குப் பயந்து எதிர்த்தார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் போட்ட பாடத்திட்டத்தில் ஐந்து செமஸ்டர், அதில் முதல் மூன்று முழுக்க ஆன்லைன். விலங்கின் மேல் கையே படாமல் மூன்று செமஸ்டர்! அப்புறம் மருந்து. லேபிளில் எழுதாத நோய்க்கோ விலங்குக்கோ ஒரு மருந்தைக் கொடுக்க 1994ஆம் வருடத்து அமெரிக்க மத்தியச் சட்டம் கால்நடை மருத்துவர் ஒருவருக்குத்தான் உரிமை தருகிறது. கால்நடை வைத்தியத்தில் அப்படிக் கொடுக்கிற மருந்துகள் ஏராளம். மாநிலம் புதுப் பதவியை உண்டாக்கலாம், அந்தச் சட்டத்தை அதனால் தொட முடியாது.

அவர்களுடைய பிரச்சினை பெரும்பாலும் நாய், பூனை, காப்பகம். நம்முடையது கடன் வாங்கி வாங்கிய கறவை மாடு, நேரம் இரவு இரண்டு மணி. அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் நிற்காது.

12 ஜனவரி, இரவு

இன்னொன்று சொல்ல வேண்டும். நடு ஆள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார், அதுவும் சட்டப்படி. 1984ஆம் வருடத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், பிரிவு 30. பதிவு பெற்ற மருத்துவர் தவிர வேறு யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு விலக்கும் தருகிறது. டிப்ளமோவோ சான்றிதழோ வைத்திருக்கும் கால்நடைப் பணியாளரை மாநில அரசு உத்தரவு போட்டு அனுமதிக்கலாம். அவர் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும் சிறு சேவைகள் செய்யலாம். சிறு சேவை என்றால் என்ன? தடுப்பூசி, காயடிப்பு, காயத்துக்குக் கட்டுப் போடுவது. இவற்றோடு, மாநில அரசு அரசிதழில் அறிவிக்கிற வேறு முதலுதவிகளும் சிகிச்சைகளும்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். பட்டியலை நீட்ட மாநிலத்துக்கே அதிகாரம் இருக்கிறது. புதுச் சட்டமோ, ஓட்டெடுப்போ, டெல்லிக்குப் போவதோ தேவையில்லை.

நம் ஊரில் அந்த ஆள் யார் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். கிளை நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் கால்நடை ஆய்வாளர், ஊர்க்காரர்கள் வாயில் எல்.ஐ. பிளஸ் டூ, அதன்மேல் 11 மாதப் பயிற்சி. சினை ஊசி போடுகிறவரும் அவர்தான், கோமாரித் தடுப்பூசிக்குக் காலையில் ஐஸ் பெட்டியோடு வீடு வீடாகப் போகிறவரும் அவர்தான்.

13 ஜனவரி

"ஆள் பற்றாக்குறை என்று சும்மா சொல்கிறீர்கள், கணக்கு எங்கே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். 5,000 மாட்டு அலகுக்கு (எல்லாக் கால்நடைகளையும் மாட்டுக் கணக்கில் மாற்றிச் சொல்லும் எண்) ஒரு மருத்துவர் வேண்டும் என்று 1976இல் தேசிய வேளாண் ஆணையம் சொன்னது. 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பசுவினம் சுமார் 95 லட்சம். வகுத்தால் 1,900 பேர். இங்கே கால்நடை மருந்தகங்களே இரண்டாயிரத்துக்கு மேல். எருமை, ஆடு எல்லாம் சேர்த்தாலும் ரொம்ப மோசம் என்று சொல்ல முடியாது, வட மாநிலங்களோடு ஒப்பிட்டால் நாம் எவ்வளவோ மேல்.

அப்படியானால் மாடு ஏன் சாகிறது? மருந்தகத்துக்கு நேரம் உண்டு, மாட்டுக்கு இல்லை. கன்று பெரும்பாலும் ராத்திரியில்தான் மாட்டிக்கொள்கிறது, பால் காய்ச்சலும் விடிகிற நேரத்தில்தான் கண்ணில் படுகிறது. தலைக்கணக்குப் போட்டால் பற்றாக்குறை தெரியாது, கடிகாரத்தைப் பார்த்தால் தெரியும். இந்த விவாதத்தில் டாக்டர்கள் தரப்பு தலைக்கணக்கையே பேசுகிறது, விவசாயி கடிகாரத்தைப் பேசுகிறார். இருவரும் சொல்வது சரி என்பதால்தான் சண்டை முடிவதே இல்லை.

1962 என்ற போன் எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது, அதில் மருத்துவர், உதவியாளர், ஓட்டுநர் இருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு வட்டாரம் முழுக்க ஒரு வண்டி ஓடும்போது மலையடிவாரத்து ஊருக்கு அது வந்து சேரும் நேரத்தை யோசியுங்கள்.

16 ஜனவரி

மாட்டுப் பொங்கலன்று இங்கே எழுத முடியவில்லை. காலையில் கொம்புக்கு வர்ணம் அடித்த மாடு சாயங்காலம் பொங்கலை அளவு தெரியாமல் தின்றுவிட்டு வயிறு உப்பிப் படுக்கும், வருடா வருடம் இதே கதை. தயவுசெய்து ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். சோறும் வெல்லமும் வயிற்றில் புளித்து அமிலமாகிறது, அது மாட்டைக் கொல்லும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ஒரு பாட்டில் கால்சியம் ஏற்ற டாக்டர் எதற்கு, எங்கள் ஊர் ஊசிக்காரரே ஏற்றுகிறார், மாடு எழுந்துவிடுகிறது" என்று எழுதியவருக்கு இது. ஊசிக்காரர் என்றால் படிப்போ பதிவோ இல்லாமல் ஊரில் மாட்டுக்கு ஊசி போடுகிறவர்.

பால் காய்ச்சல் என்று பெயர்தான், ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வருவது, காய்ச்சலே இருக்காது, உடம்பு ஜில்லிட்டிருக்கும். கன்று போட்டு மூன்று நாளுக்குள் வரும். நல்லாப் பால் கறக்கிற ஜெர்சிக் கலப்பு, மூன்றாவது நான்காவது ஈத்து. மாடு படுத்து, கழுத்தை மடித்துத் தலையை விலாவின் மேல் சாய்த்துக்கொள்ளும். காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும், மூக்கு வறண்டு போயிருக்கும், சாணி போடாது. பாட்டிலை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, கழுத்து நரம்பில் ஊசி நுழைத்து, 450 மில்லியை மெதுவாக, மெதுவாக ஏற்ற வேண்டும். ஒரு கையில் பாட்டில், காதில் ஸ்டெதாஸ்கோப். இதயத் துடிப்பு தாறுமாறானால் பாட்டிலைக் கீழே இறக்கி நிறுத்த வேண்டும். சரியாகப் போனால் தசை நடுங்கும், ஏப்பம் விடும், மூக்கில் முத்து முத்தாக வேர்க்கும், சாணி போடும், அப்புறம் தள்ளாடி எழும். பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அந்த வீட்டில் காபி குடிக்காமல் கிளம்ப விடவே மாட்டார்கள்.

இப்போது அதே போலக் கன்று போட்டு, அதே போலப் படுத்துக் கிடக்கும் இன்னொரு மாடு. இதற்கு மடிநோய். கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்து விழுந்திருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதற்கு அதே கால்சியத்தை அதே வேகத்தில் ஏற்றினால் ஏற்கெனவே தத்தளிக்கும் இதயம் நின்றுவிடும், பாட்டில் முடியும் முன்னால். எனக்குத் தெரிந்து ஒரு தொழுவத்தில் அப்படித்தான் ஆனது, ஊசிக்காரர் கையில் பாட்டில், மாடு காலை நீட்டிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை, கூப்பிட்ட உடனே மழையில் ஓடி வந்தவர். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, நாலு காம்பையும் ஒவ்வொரு பீச்சு கறந்து பார்த்திருந்தால் போதும். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நடு ஆளுக்குச் சொல்லித் தர வேண்டியது அந்தத் தெர்மாமீட்டரும் நாலு பீச்சும்தான். கை வேலை எல்லோருக்கும் வந்துவிடும். எப்போது செய்யக் கூடாது என்பதற்குத்தான் படிப்பு வேண்டும்.

17 ஜனவரி

ஆமாம், ஊசிக்காரரை நடு ஆள் ஆக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆய்வாளர் வேறு, ஊசிக்காரர் வேறு. ஒருவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, இன்னொருவர் பெயர் எங்கேயும் இல்லை. அதுதான் எனக்கு முக்கியமான வித்தியாசம்.

21 ஜனவரி

பதிவேட்டில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்டதற்குக் கழுகைக் கேளுங்கள்.

தொண்ணூறுகளில் இருந்து இந்தியாவில் பாறு கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போய்விட்டது. 2004இல்தான் காரணம் உறுதியானது: மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோபினாக். ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடுகிறது. 2006இல் மாட்டு மருந்தாக அதைத் தயாரிப்பதை நிறுத்தினார்கள். நின்றதா? மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பி கடையில் கிடைத்தது, அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். ஆகவே 2015இல் மனிதருக்கான குப்பியையும் 3 மில்லி, ஒரு தடவைக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 2023இல் கழுகுக்கு அதே ஆபத்துள்ள வலி மருந்துகளான கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டும் மாட்டுக்குத் தடை. இப்போது நிமெசுலைடும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. மெலாக்சிகாம் கழுகுக்கு ஆபத்தில்லாதது, எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

இத்தனை தடை ஏன் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியிருந்தது? யார் என்ன ஊசி போட்டார் என்பது எங்கேயும் எழுதப்படவே இல்லை. எழுதாத கையை யாரும் திருத்தவும் முடியாது, அதற்குப் பயிற்சி கொடுக்கவும் முடியாது, கடையில் மருந்தைப் பிடுங்குவதுதான் மிச்சம். நீலகிரியில் சீகூர், மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் பாறு கழுகுகள் இருக்கின்றன. அங்கே சுற்று ஊர்களில் மாடு பார்க்கிற ஒவ்வொரு ஆளின் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை, அவர் டாக்டராக இருந்தாலும் சரி, ஆய்வாளராக இருந்தாலும் சரி.

22 ஜனவரி

ஆன்டிபயாடிக் விஷயத்தில் நான் கறாராக இருந்தேன்: நடு ஆள் கையில் அது போகவே கூடாது. நேற்று ஒரு பண்ணைக்காரர் எழுதிய பதில் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. "காம்பில் ஏற்றும் டியூப் எல்லா மருந்துக் கடையிலும் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது மேடம், நானே வாங்கி நானே ஏற்றுகிறேன். நீங்கள் யாரைத் தடுக்கிறீர்கள்?"

உண்மை. அவை மருத்துவர் சீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்துகள், ஆனால் கடை அப்படி நடப்பதில்லை. நான் ஆய்வாளரைத் தடுத்தால் மருந்து தொழுவத்துக்குள் வராமல் இருக்கப் போவதில்லை, தெரிந்த கைக்குப் பதிலாகத் தெரியாத கை போடும், அவ்வளவுதான். ஒரு வேளை ஏற்றி, வீக்கம் வற்றியதும் நிறுத்திவிட்டு, அன்று சாயங்காலமே பாலைச் சொசைட்டிக்கு ஊற்றுவதும் நடக்கிறது. மருந்து போட்ட பிறகு எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று லேபிளில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள் என்று 2012இலேயே விதி போட்டுவிட்டார்கள். அந்த ஏழு நாள் பாலை யார் கொட்டுகிறார்கள்? கொட்டச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

ஆகவே இப்போதைக்கு என் நிலை இப்படி. முதல் டோஸ், அதுவும் குறிப்பிட்ட இரண்டு மூன்று பழைய மருந்துகள் மட்டும், மருத்துவரிடம் போனில் பேசி, அவர் பெயரில் எழுதி, ஆய்வாளர் போடலாம். மறுநாள் மருத்துவர் பார்க்க வேண்டும். புது மருந்துகள் கூடாது. 2019இல் உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது சும்மா இல்லை, மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கை கொடுக்கும் மருந்து அது.

என் சக டாக்டர்கள் பலருக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

26 ஜனவரி

நினைத்தது போலவே. ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர் நீளமாக எழுதியிருக்கிறார், அவர் கோபத்தை நான் மதிக்கிறேன். சுருக்கம் இது: இன்டர்ன்ஷிப் சேர்த்து ஐந்தரை வருடம் படித்துவிட்டு ஒப்பந்த வேலைக்கு அலைகிறோம், சென்னையில் 1903இல் தொடங்கிய கல்லூரியோடு சேர்த்து இன்று ஏழு அரசுக் கல்லூரிகள் ஆட்களை வெளியே அனுப்புகின்றன, இந்த நேரத்தில் அரைப் படிப்புக்காரரைக் கொண்டுவந்தால் அரசு மலிவான ஆளைப் போட்டுவிட்டு எங்கள் பணியிடத்தை மூடிவிடும்.

தம்பி, அந்தப் பயம் எனக்கும் உண்டு. என் பாதி மறுப்பில் முக்கால்வாசி இதுதான். மருத்துவர் இடத்தில் நடு ஆளைப் போடுவது என்றால் நானும் உங்களோடு தெருவில் நிற்பேன். மருத்துவருக்குக் கீழே, அவருடைய கையாக, அவர் தூங்கும் நேரத்தில் ஒருவர் என்றால் அது வேறு. மனித வைத்தியத்தில் இதை நம் மாநிலமே செய்து காட்டியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். அதனால் மகப்பேறு மருத்துவர் யாருக்கும் வேலை போய்விடவில்லை, சிக்கலான பிரசவம் சரியான நேரத்தில் அவரிடம் வந்து சேர்ந்தது. அங்கே செவிலியர் படித்தவர், அவர் எல்லை அவருக்குத் தெரியும், மேலே அனுப்ப ஓர் இடமும் ஆம்புலன்சும் இருந்தன. நம்மிடம் மாட்டை மேலே அனுப்ப என்ன இருக்கிறது? குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பிடித்து நாமக்கல் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிறார்கள். அதையும் பேச வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய கோரிக்கை ஒன்று இருக்கிறது. ஒரு மருத்துவருக்குக் கீழே இத்தனை நடு ஆட்களுக்கு மேல் கூடாது என்று அரசு உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் பணியிடம் காலியாக இருந்தால் அந்த வட்டாரத்தில் நடு ஆளின் கூடுதல் உரிமைகள் தானாக நின்றுவிட வேண்டும். அப்புறம் பணியிடத்தைக் காலியாக வைக்க அரசுக்கே மனம் வராது.

27 ஜனவரி

கொலராடோவில் இதுவும் ஒரு வாதமாக இருந்தது: ஏற்கெனவே பயிற்சி பெற்ற கால்நடை டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வேலை எல்லையை விரிக்காமல் புதுப் பதவி எதற்கு? அங்கே போன வருடமே அவர்கள் எல்லையை விரித்து ஒரு சட்டம் போட்டார்கள், அதற்கு மேல்தான் இந்த ஓட்டெடுப்பு. இங்கிலாந்தில் 1966ஆம் வருடச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணைப்படி, பதிவு பெற்ற கால்நடைச் செவிலியர் மருத்துவர் சொன்னபடி மருந்து கொடுக்கலாம், உடற்குழியைத் திறக்காத சிறு அறுவை செய்யலாம். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது, இருக்கிறவரை உயர்த்துவது. அதை நம் ஊருக்குப் பொருத்தினால் ஆய்வாளர்தான் அந்த ஆள்.

2 பிப்ரவரி

பேச்சு எங்கோ போகிறது, போகட்டும், இது முக்கியம்.

நஞ்சுக்கொடி விழாத மாட்டைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருந்தார், அவர் பால் சொசைட்டியில் வேலை செய்துகொண்டே ஊரில் எல்லா மாட்டுக்கும் கை உதவி செய்பவர். "கையை விட்டு எடுத்துவிடுகிறேன் அக்கா, பழக்கம்தான்" என்கிறார். அம்மா, வெறும் கையில் செய்யாதீர்கள். கன்று வீச்சு நோய் உள்ள மாட்டின் நஞ்சுக்கொடியிலும் நீரிலும் புரூசெல்லா கிருமி கொத்துக் கொத்தாக இருக்கும். அது உங்களுக்கு வந்தால் விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, இடுப்பு வலி, மாதக்கணக்கில் டைபாய்டு என்றும் மலேரியா என்றும் வைத்தியம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நாலு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுக்குப் போடும் இந்த நோய்க்கான தடுப்பூசியில் இருப்பதும் உயிருள்ள கிருமி. தவறிக் கையில் குத்திக்கொண்டால் உடனே மனித டாக்டரிடம் போய் என்ன மருந்து குத்தியது என்று சொல்ல வேண்டும்.

இதை எழுதும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. பிற மாநிலங்களில் ஏ-ஹெல்ப் என்று சுய உதவிக் குழுப் பெண்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்துக் கால்நடை வேலைக்கு அனுப்புகிறார்கள். செயற்கைக் கருவூட்டலுக்கு மைத்ரி என்று மூன்று மாதப் பயிற்சி இருக்கிறது. நல்ல நோக்கம். இந்தப் பெண்கள் வீட்டுக்குள் போய்ப் பேச முடியும், மாட்டைப் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது ஆபத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். தோள் வரை நீளும் கையுறை, வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி முன்கூட்டியே, இவை இல்லாமல் யாரையும் மாட்டுக்குள் கை விடச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. வெறி பிடித்த மாட்டின் வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் கையை விடுவது எத்தனை ஊரில் நடக்கிறது!

சகோதரிக்கு நேரடியான பதில்: இழுக்க வேண்டாம். மாடு தின்றுகொண்டு, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அவசரமே இல்லை, மருத்துவர் வந்து பார்க்கட்டும். காய்ச்சல் வந்தாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ உடனே கூப்பிடுங்கள். தொங்குவதில் கல்லைக் கட்டித் தொங்கவிடுகிற பழக்கத்தையும் ஊரில் நிறுத்தச் சொல்லுங்கள், கருப்பை வெளியே வந்துவிடும்.

3 பிப்ரவரி

ஒரு பாட்டி என்னிடம் சொன்னது ஞாபகம் வருகிறது. "மாட்டுக்குத்தான் வாயில்லை டாக்டரம்மா, எனக்கு இருக்குது, நான் சொல்றேன், நீ எழுது." சொன்னார், அரை மணி நேரம். அந்த மாட்டின் மூன்று தலைமுறை நோய் அவருக்கு அத்துபடி. எந்தப் பதவிக்காரர் வந்தாலும் இப்படிப்பட்ட பாட்டியிடம் உட்கார்ந்து கேட்பதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

9 பிப்ரவரி

"பொத்தாம் பொதுவாகப் பேசாமல் என்னென்ன விடலாம் என்று எழுதுங்கள்" என்று பலர் கேட்டதால்.

ஆய்வாளருக்கு 11 மாதத்தை இரண்டு வருட டிப்ளமோ ஆக்க வேண்டும், அதில் ஒரு வருடம் முழுக்கத் தொழுவத்திலும் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், இரவு முறை உட்பட. கொலராடோவில் ஆன்லைனில் போட்ட பகுதியை நாம் மாட்டின் பக்கத்தில் நின்று படிக்க வேண்டும். அதை முடித்தவர் பால் காய்ச்சலுக்குக் கால்சியம் ஏற்றலாம், வெப்பநிலையும் மடியும் பார்த்து, மருத்துவரோடு வீடியோவில் பேசிய பிறகு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடற்புழு மருந்து எடை பார்த்துக் கொடுக்கலாம். உப்புசத்துக்கு எண்ணெய் கொடுக்கலாம், உயிர் போகிற நிலையில் இடது விலாப் பள்ளத்தில் குழல் குத்திக் காற்றை இறக்கலாம். அதற்கு மருத்துவர் வரும் வரை காத்திருந்தால் மாடு இருக்காது. காயம், புண் புழு, கொம்பு உடைந்தது, இவையெல்லாம் ஏற்கெனவே அவர் செய்வதுதான்.

கன்று போடுவதில் மட்டும் நான் ரொம்பப் பயப்படுகிறேன். தலையும் இரண்டு முன்னங்காலும் நேராக வந்தால் உதவலாம். வேறு எதுவானாலும் கை எடுத்துவிட்டு அழைக்க வேண்டும். கருப்பை முறுக்கிக்கொண்ட மாட்டை நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்ததைப் பார்த்திருக்கிறேன், அதை இழுக்கக் கூடாது, மாட்டைப் படுக்கவைத்து உருட்டி முறுக்கை எடுக்க வேண்டும். கையை உள்ளே விட்டதும் அந்த முறுக்கு விரலில் தெரியும், ஒருமுறை தொட்டு உணர்ந்தவருக்கு மறக்கவே மறக்காது. கண்டுபிடிக்க ஆய்வாளருக்குச் சொல்லித் தர வேண்டும், சரிசெய்ய வேண்டாம்.

வயிற்றைத் திறக்கும் எந்த ஆபரேஷனும் கூடாது. இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை, காப்பீட்டுக் கையெழுத்து கூடாது, அவை மருத்துவருடையவை. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வரும் மாட்டை யாரும் அறுக்கவே கூடாது, அடைப்பான் நோயாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அதை மட்டும் டிப்ளமோவின் முதல் நாளே சொல்லித் தர வேண்டும்.

எழுத்து எங்கே? காதில் மஞ்சள் வில்லை, 12 இலக்க எண், அரசுச் செயலி, எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. தடுப்பூசியைப் பதிகிற அதே இடத்தில் என்ன மருந்து, எவ்வளவு, யார் சொன்னது, யார் போட்டது, பால் எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்று பதிந்தால் போதும்.

10 பிப்ரவரி

காயடிப்பு பற்றிச் சிலர். பர்டிசோ என்ற இடுக்கிக் கருவியால் நசுக்கும்போது மரத்துப்போகிற ஊசி கட்டாயம் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆக வேண்டும். நாற்பது வருடமாகச் சட்டத்தில் சிறு சேவை என்று எழுதியிருப்பதால் கன்றுக்கு வலி சிறிதாகிவிடாது. அந்த ஊசியையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன். வெள்ளாட்டுக் குட்டிக்கு அந்த மருந்தின் அளவு மிகக் கவனம், கொஞ்சம் கூடினாலும் வலிப்பு வரும்.

16 பிப்ரவரி

இத்தனை பேசியும் மேற்பார்வை பார்ப்பவரின் நேரத்தையும் காசையும் பற்றி யாரும் கேட்கவில்லை, கடைசியில் ஓர் ஆய்வாளரே கேட்டுவிட்டார். "மேற்பார்வை மேற்பார்வை என்கிறீர்கள் மேடம், ராத்திரி இரண்டு மணிக்கு நான் போன் போட்டால் டாக்டர் எடுப்பாரா? எடுக்காவிட்டால் நான் என்ன செய்வது? மாடு செத்தால் அடி எனக்குத்தானே?"

நான் படித்த எல்லா வாதங்களிலும், கொலராடோவையும் சேர்த்து, இதுதான் கடினமான கேள்வி. மேற்பார்வை என்று சட்டத்தில் ஒரு சொல் எழுதிவிட்டு, அதைச் செய்கிறவருக்கு நேரமும் ஒதுக்காமல், காசும் கொடுக்காமல் விட்டால் பகலில் பத்து மணி நேரம் மாடு பார்த்தவர் ராத்திரியும் விழித்திருக்க வேண்டும். முடியாது, நானும் எடுக்க மாட்டேன். ஆகவே இரவு முறைக்கு என்று தனி மருத்துவர், இரண்டு மூன்று வட்டாரத்துக்கு ஒருவர், அவருக்குப் பகலில் வேலை கிடையாது. போன் எடுப்பதுதான் அவர் வேலை. அழைப்பு பதிவாக வேண்டும். ஆய்வாளர் அழைத்து, எல்லைக்குள் நின்று, எழுதியும் வைத்திருந்தால் மாடு செத்தாலும் அவர் மேல் பழி இல்லை என்று உத்தரவிலேயே இருக்க வேண்டும். அழைக்காமல் செய்திருந்தால் பழி அவருடையது. இருவருக்கும் இரவுப் படி.

வேலை இல்லை என்று எழுதிய மாணவத் தம்பி இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். இரவு மருத்துவர் என்றால் வட்டாரக் கணக்கில் நூற்றுக்கும் மேல் பணியிடம். சங்கத்தில் இருப்பவர்கள் கோரிக்கை மனுவில் ஆய்வாளர்களையும் கூட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் நல்லது, இரண்டு சங்கமும் தனித்தனியாகப் போனால் இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து மூடிவிடுவார்கள்.

அந்த ஆய்வாளருக்கு: உங்கள் வட்டாரம் எது என்று தனிச் செய்தியில் அனுப்புங்கள். தெர்மாமீட்டர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், என்னிடம் இரண்டு அதிகமாக இருக்கிறது, நாமக்கல் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.